இன்ஜினில் ‘டொக் டொக்’: இறக்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம். 2014 மாடல் 1.3 லிட்டர் டீசல் கார், 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கார்த்திகை மழையில் ஒரு தரைப்பாலத்தைக் கடக்கும்போது தண்ணீரில் நின்றுவிட்டது. இழுத்து வந்து இரண்டு நாள் காயவிட்டு ஸ்டார்ட் செய்தோம், ஓடியது. தை மாதம் முதல் இன்ஜினில் ‘டொக் டொக்’ சத்தம். ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடுகிறது. ஒரு மெக்கானிக் பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் நாசில்தான், அதாவது டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்தான், என்கிறார். மூன்றாமவர் கெட்டி ஆயில் ஊற்றிக் கொடுத்தார், சத்தம் கொஞ்சம் அடங்கியது. ஆயில் லைட் எரியவில்லை. யார் சொல்வது சரி?

பதில்:

மூன்று பேருமே காதால் கேட்டதை வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். யாரும் எதையும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் யார் சரி என்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் இதில் பெரியது: வண்டி தண்ணீரில் நின்றது. சோதித்துப் பார்த்து அதை ஒதுக்கும்வரை, கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கீழே சுழலும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பி) ஒன்று வளைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறைக்குப் போவதென்றாலும் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

காரணம் சொல்கிறேன். 2014-இல் 1.3 லிட்டர் டீசல் என்றால் அது ஃபியட் வழி வந்த 1248 சி.சி. இன்ஜினாகத்தான் இருக்கும், மாருதி, டாடா, ஃபியட் மூன்று நிறுவனங்களின் கார்களிலும் அது வந்தது. சிலிண்டர் விட்டம் 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி. கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, 17.6 என்று எடுத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சுகிற இடம் சுமார் 19 சி.சி. குழந்தைக்குப் பாலாடையில் ஒரு தடவை புகட்டுகிற பால் அளவுதான். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டன் மேலே வர வழியில்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பின்னாலிருந்து மற்ற சிலிண்டர்களின் வேகம் தள்ளுகிறது. நடுவில் மாட்டிக்கொள்கிற ராடு வளைகிறது.

நிறையத் தண்ணீர் போனால் இன்ஜின் அங்கேயே பூட்டிக்கொள்ளும், அல்லது ராடு முறிந்துவிடும். கொஞ்சமாகப் போனால்தான் ஏமாற்றம். ராடு ஒரு மி.மீ. அளவுக்கு வளைந்திருக்கும், தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியே வெளியேறியிருக்கும், காய்ந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகும். கொஞ்சம் நடுக்கம், காலையில் கொஞ்சம் புகை, பிக்கப் குறைவு. மழைக்குப் பிறகு இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவோம். வளைந்த ராடு, அதன் கீழ் முனை கிராங்க்கில் உட்காரும் பிக் எண்ட் பேரிங்கை நேராக அழுத்தாமல் ஓரமாக அழுத்தும். பிஸ்டன் சாய்ந்து சிலிண்டர் சுவரில் உரசும். சில வாரங்கள் ஓடிய பிறகு சத்தம் வரும். கார்த்திகையில் நின்ற வண்டி தையில் சத்தம் போடுவது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. இன்னும் ஓட்டினால் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். அதன்பின் பழுது பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஓட்டாமலே செய்யக்கூடிய சோதனைகளை முதலில் முடியுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். காகித ஃபில்டர் நனைந்து காய்ந்திருந்தால் மடிப்புகள் நெளிந்து, அலை அலையாக நிற்கும். மாற்றியிருந்தால் பெட்டியின் அடியைப் பாருங்கள்: நம் பக்கத்துத் தண்ணீர் வண்டலோடு வருவது, காய்ந்த பிறகும் மெல்லிய மண் படலம் ஒட்டியிருக்கும். அந்தக் கோடு ஃபில்டரைத் தாண்டி உட்புறமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஃபில்டருக்கு வெளியே மட்டும் ஈரத் தடம், உள்ளே சுத்தம் என்றால் தண்ணீர் உள்ளே போகாமல், ஏதாவது சென்சாரோ கனெக்டரோ நனைந்து வண்டி நின்றிருக்கலாம். அது நல்ல செய்தி.

அடுத்து டிப் ஸ்டிக். ஆயில் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் அல்லது கூலன்ட் கலந்திருக்கிறது. மட்டம் ‘மேக்ஸ்’ கோட்டைத் தாண்டி, டீசல் வாடையோடு இருந்தால் இன்ஜெக்டர் ஒழுகி ஆயிலில் டீசல் இறங்கியிருக்கிறது. ‘மின்’ கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவே சத்தத்துக்குப் போதுமான காரணம். ஆனால் அதை நிரப்பிவிட்டு சத்தம் போய்விட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம், அதற்குள் பேரிங் எவ்வளவு காய்ந்தது என்று பார்க்க வேண்டும்.

இனி கம்ப்ரஷன் சோதனை. உங்கள் வழக்கில் தீர்ப்பே இதில்தான் இருக்கிறது. குளிரில் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகள் நான்கையும் கழற்றி, அந்தத் துளையில் டீசலுக்கான கேஜை மாட்டிப் பார்ப்பது முறை. பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும் கேஜ் தாங்காது. டீசலுக்கு 40 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்), அதற்கு மேலும் காட்டும் கேஜ் வேண்டும். குளோ பிளக்கைக் கழற்றும்போது அவசரம் கூடாது. பத்து வருடம் கார்பனில் ஊறியது. முந்தைய நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சின்னக் கைப்பிடியால் முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். முறிந்து உள்ளே நின்றுவிட்டால் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்துவிடும். இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கி டீசல் போகாமல் செய்துவிட்டு, முழு சார்ஜ் உள்ள பேட்டரியோடு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு விநாடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். வண்டி ஓட்டக்கூடாத நிலையில் இருப்பதால் குளிர்ந்த இன்ஜினில்தான் பார்க்க முடியும். பரவாயில்லை, நமக்கு வேண்டியது எண்களுக்கு இடையிலான வித்தியாசம்.

நல்ல டீசல் இன்ஜினில் 20 பாருக்கும் 30 பாருக்கும் இடையே நான்கும் நெருங்கி நிற்கும். 27, 26, 27, 26 என்று வந்தால் ராடு வளையவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். 27, 27, 21, 26 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். ஏன் இவ்வளவு விழுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது: ராடு ஒரு மி.மீ. குட்டையானால் பிஸ்டனுக்கு மேல் 3.8 சி.சி. இடம் கூடுகிறது. 18.8 சி.சி. 22.6 ஆகிறது. கம்ப்ரஷன் விகிதம் 17.6-லிருந்து 15-க்குக் கீழே இறங்குகிறது. கேஜில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். ரிங் தேய்ந்தாலும் வால்வு சரியாக உட்காராவிட்டாலும் எண் குறையும் என்பது உண்மைதான். அதைப் பிரித்தறிய, கேஜுக்குப் பதில் காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கலாம்: பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, குளோ பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றைக் கொடுங்கள். ஆயில் மூடி வழியே காற்று சீறினால் ரிங். இன்டேக் குழாயிலோ சைலன்சரிலோ சீறினால் வால்வு. எதிலும் பெரிய கசிவு இல்லை, ஆனாலும் கம்ப்ரஷன் குறைவு என்றால் ராடு வளைந்ததுதான். டீசல் இன்ஜினில் ‘ஆயில் ஊற்றிப் பார்ப்போம்’ என்று சிலிண்டருக்குள் தாராளமாக ஆயில் விடுவது தவறு. மேலே சொன்ன 19 சி.சி. கணக்கு ஆயிலுக்கும் பொருந்தும்.

எண்களைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘கம்ப்ரஷன் நல்லாதான் இருக்கு’ என்ற வாய்மொழி போதாது.

நான்கும் சமமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் இன்ஜினை ஓடவிட்டு சத்தத்தைப் பிரித்தறியும் வேலை. அதற்கு முன் அந்தக் கெட்டி ஆயிலை இறக்கிவிடுங்கள். 20டபிள்யூ-40 போல ஒன்றைத்தான் ஊற்றியிருப்பார். கெட்டி ஆயில் தேய்ந்த பேரிங்கின் இடைவெளியை நிரப்பி சத்தத்தை அமுக்கும். பழைய வண்டியை விற்கப் போகிறவர்கள் செய்கிற காரியம் அது. உங்கள் மெக்கானிக் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், ஆனால் சோதனை செய்ய வேண்டிய அடையாளத்தை மூடிவிட்டார். இந்த இன்ஜினில் வால்வை இயக்கும் டேப்பட் ஹைட்ராலிக், வால்வுகளை கிராங்க்கோடு சேர்த்து ஓட்டும் டைமிங் செயினை இறுக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. காலையில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். அந்த நேரத்தில் செயின் தளர்ந்து அடிக்கும். ஒரு சத்தத்தைக் குறைக்கப் போய் இன்னொன்றை உண்டாக்குவதாகிவிடும். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள கிரேடையே ஊற்றுங்கள்.

இறக்கிய ஆயிலை வீசிவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பிடியுங்கள். இரும்புத் தகடு உறையாக இருந்தால் ஹேக்ஸாவால் அறுப்பது கூடாது, அறுத்த தூளே உள்ளே போய்க் குழப்பும். அதற்கான கட்டர் வேண்டும். இந்த 1.3 இன்ஜின்கள் பலவற்றில் காகிதம் மட்டும் தனியே வரும், வேலை சுலபம். காந்தத்தில் ஒட்டும் தூள் என்றால் ரிங், செயின், கேம் போன்ற இரும்புப் பாகம். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறப் பொடி என்றால் பேரிங்கின் மேல்பூச்சோ பிஸ்டனின் அலுமினியமோ. செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் ஷெல் உள்படலம்வரை தேய்ந்துவிட்டது. இனி எந்தச் சோதனையும் வேண்டாம், சம்ப்பை (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கழற்றுங்கள். செம்பு தெரியவில்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது; இப்போது வரும் அலுமினிய ஷெல்களில் செம்பே இருக்காது.

ஆயில் லைட் எரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஸ்விட்ச் பொதுவாக அரை பார் பக்கம் இறங்கினால்தான் விளக்கைப் போடும். பேரிங் அடிவாங்க அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். ஸ்விட்சைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜை மாட்டி, ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கும்வரை சூடாக்கிப் படியுங்கள். சூடான ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) 1 பாருக்குக் குறையக்கூடாது, 3000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) 3 பார் பக்கமாவது வர வேண்டும். இது பொதுக் கணக்கு, உங்கள் இன்ஜினுக்கான எண்ணை சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் நல்ல அழுத்தம், சூடானதும் சரிவு என்றால் பேரிங் இடைவெளி பெருகியிருக்கிறது. எப்போதுமே குறைவு என்றால் ஆயில் பம்ப்பையும், அது ஆயில் உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரையும் பார்க்க வேண்டும். இங்கே சம்ப்பின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். வயல்வெளிச் சாலையில் கல் அடித்து, மதகுத் திட்டில் இடித்து சம்ப் குழிந்திருக்கும். ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னருக்கும் சம்ப் தரைக்கும் நடுவே உள்ளதே சில மி.மீ. இடைவெளிதான். ஒழுகல் இல்லையென்று விட்டுவிடுகிற அந்தக் குழி ஆயிலின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இப்போது சத்தம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை இன்ஜினின் மேல், நடு, அடிப் பகுதிகளில் தொட்டு எங்கே உரக்கக் கேட்கிறது என்று பாருங்கள். மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. தலைமுடி, துண்டு, வேட்டி நுனி எதுவும் பெல்ட்டுக்கு அருகில் போகக்கூடாது. இதில் கிடைப்பது ஒரு திசைதான். அலுமினிய ஹெட் சத்தத்தை எல்லாப் பக்கமும் கடத்தும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

இன்ஜினுக்கு வெளியே இருப்பவற்றை ஒதுக்குவதற்கு பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் இன்ஜினில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக்கூடாது. சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், டென்ஷனர் இவற்றில் ஒன்று. கிராங்க் புல்லியின் ரப்பர் பிய்ந்தாலும் போல்ட் தளர்ந்தாலும் பேரிங் அடிப்பது போலவே ‘டொக் டொக்’ என்று ஏமாற்றும். அடுத்து கிளட்சை மிதித்துப் பாருங்கள்: மிதித்தால் சத்தம் மாறுகிறதென்றால் ஃப்ளைவீல், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். கூடவே, கிராங்க் முன்பின்னாக நகரும் இடைவெளி கூடியிருந்தாலும் கிளட்சை மிதிக்கும்போது சத்தம் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். இன்ஜின் மவுன்ட் போயிருந்தால் ஐடிலிங்கில் மட்டும், அதுவும் ஏசி போட்டதும், பாடி அதிரும், ஆர்.பி.எம். ஏறினால் போய்விடும்.

பேரிங்கா நாசிலா என்ற உங்கள் முக்கியக் கேள்விக்கு இரண்டு சோதனைகள். முதல் சோதனை, சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்துவது. ஸ்கேனர் இருந்தால் அதிலேயே இன்ஜெக்டரை நிறுத்தலாம். இல்லாவிட்டால் இன்ஜினை அணைத்து, ஒரு இன்ஜெக்டரின் மின் கனெக்டரைப் பிடுங்கி, ஸ்டார்ட் செய்து கேட்டு, அணைத்து, மாட்டி, அடுத்ததற்குப் போங்கள். ஓடும்போது பிடுங்க வேண்டாம். பழைய டீசல் வண்டியிலும் டிராக்டரிலும் செய்வது போல இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கலாம் என்று யாராவது ஸ்பேனரை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். காமன் ரெயிலில், அதாவது நான்கு இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாயில், டீசலின் அழுத்தம் ஆயிரம் பாரைக்கூடத் தாண்டும். ஊசி முனை அளவு பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்கும்படி ஆகலாம்.

ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் சுத்தமாகப் போய்விட்டால் அந்த இன்ஜெக்டரை முதலில் சந்தேகியுங்கள். குறைந்து, மந்தமாகத் தொடர்ந்தால் அந்த சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் அல்லது பிஸ்டன். நிறுத்தியதும் சத்தம் இரட்டையாகிவிட்டால் பிஸ்டனை ராடோடு கோக்கும் ஊசியும் (பிஸ்டன் பின்) அதன் புஷ்ஷும். எதை நிறுத்தினாலும் மாற்றமே இல்லையென்றால் மெயின் பேரிங், செயின், ஃப்ளைவீல் என்று பொதுவான பாகங்கள்.

நாசிலும் பேரிங்கும் இந்தச் சோதனையில் ஒன்றுபோலத் தெரிய வாய்ப்புண்டு. இரண்டிலுமே சத்தம் குறையும். அதனால்தான் இரண்டாவது. வண்டி நின்ற நிலையிலேயே மெதுவாக 2500 ஆர்.பி.எம். வரை ஏற்றி, சட்டென்று காலை எடுங்கள். ஆர்.பி.எம். இறங்கும்போது கணினி டீசலை முழுதாக நிறுத்திவிடும், ஐடிலிங்கை நெருங்கும்போதுதான் மறுபடி கொடுக்கும். அந்த ஓரிரு விநாடியில் சிலிண்டருக்குள் எரிவதே இல்லை. எரிதலால் வரும் சத்தம், அதாவது நாசில், டீசல், டைமிங் சம்பந்தப்பட்ட எதுவும், அப்போது வர முடியாது. அந்த இறக்கத்திலும் ‘டொட டொட’ என்று அடித்தால் அது இரும்பும் இரும்பும் மோதும் சத்தம். பெரும்பாலும் பிக் எண்ட். இதை இரண்டு மூன்று தடவைக்கு மேல் செய்யாதீர்கள், 3000-க்கு மேல் ஏற்றவும் வேண்டாம். டீசல் வண்டியில் பேரிங்கையும் நாசிலையும் பிரிக்க இதைவிட மலிவான சோதனை இல்லை. பட்டறைகளில் இதை ஏன் செய்யாமல் விடுகிறார்கள் என்பது புரியாத விஷயம்.

சத்தத்தின் தாளமும் உதவும். ஐடிலிங் 800 ஆர்.பி.எம். என்றால் கிராங்க் விநாடிக்கு 13 தடவை சுற்றுகிறது, வால்வுகளைத் திறக்கும் கேம் அதில் பாதி. ஒரு வால்வின் ‘டிக் டிக்’ விநாடிக்கு ஆறேழு. கையால் மேசையில் தட்டிக் காட்ட முடிகிற வேகம். ஒவ்வொரு சுற்றுக்கும் வரும் சத்தம் எண்ண முடியாத அளவுக்கு வேகம். மேலே மெல்லிதாக டிக் டிக் என்றால் டேப்பட். அதற்காக இன்ஜினை இறக்கும் அவசியம் இல்லை. ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி புல்லிப் பக்கம் கரகரவென்று வந்து நின்றால் செயின்; இந்த இன்ஜினில் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கு வருவது. குளிரில் மந்தமாக அடித்து, சூடானதும் மறைவது பிஸ்டன் ஸ்லாப், அதாவது தளர்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது. அது லேசாக இருந்தால் நெடுநாள் ஓட்டலாம். பிக் எண்ட் நேர்மாறாக, சூடாகி ஆயில் இளகியதும் கூடும்.

நாசில்தான் என்று வந்தால் உடனே நான்கையும் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, ஒரே அளவான நான்கு பாட்டில்களில் விட்டு, இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு சேர்ந்தால் அது உள்ளே கசிகிறது. சந்தேகமானதைப் பக்கத்து சிலிண்டரோடு இடம் மாற்றிப் போட்டு, சத்தமும் கூடவே நகர்கிறதா என்றும் பார்க்கலாம்; கழற்றும் ஒவ்வொரு தடவையும் அடியில் உள்ள செம்பு வாஷர் புதிது போட வேண்டும், இன்ஜெக்டரில் குறியீட்டு எண் இருந்தால் ஸ்கேனரில் பதிய வேண்டும். அந்த வாஷரே ஒழுகினாலும் ‘சக் சக்’ என்ற சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பு கட்டியிருக்கும். இன்ஜெக்டரைத் தொடுவதற்கு முன்பே டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி. டாங்க்கிலும் தண்ணீர் போயிருக்கலாம்.

எலியையும் கணக்கில் சேருங்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும், சூடான பானெட்டுக்குள் வைக்கோல் வைத்துக் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். ரெயில் பிரஷர் சென்சார் வயர் கடிபட்டு டீசல் அளவு தாறுமாறாகி இன்ஜின் அடிக்கும். ஸ்கேனரில் ஒரு நிமிடத்தில் தெரிகிற விஷயம். சாலையில் காயப்போட்ட நெல்லும் வைக்கோலும் ரேடியேட்டர் வலையில் அடைத்துச் சூடேற்றுவதும் இந்தப் பக்கத்துக்கே உரியது. வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து, துருவேறி, சூடு கட்டுப்பாட்டில் நிற்காது. அந்தச் சூட்டில் பிஸ்டன் கீறுபட்டுத் தளர்வதும் ஒரு வகை ‘டொக்’. கலந்து வரும் கூலன்ட்டையே வாங்குங்கள், அல்லது காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள்.

இதைப் படிக்கிற பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ‘நாக்கிங்’ பெரும்பாலும் வேறு சங்கதி: பாரம் ஏறும்போது, டெல்டாவில் மேடு என்றாலே ரயில்வே மேம்பாலம்தான், நான்காவது கியரில் மெதுவாக ஏறும்போது சில்லறை குலுங்குவது போல ‘கிணி கிணி’ என்று வரும். பிளக் எரித்த பிறகு, இன்னும் எரியாமல் மிஞ்சிய கலவை தானே வெடிப்பது அது. கியரைக் குறைத்தால் உடனே நின்றுவிடும்.  ஒரு டாங்க் ஆக்டேன் (தானே வெடிக்காமல் தாங்கும் திறன்) கூடிய பெட்ரோல் போட்டுப் பாருங்கள், போய்விட்டால் இன்ஜினின் அடிப்பகுதிக்கு ஒன்றுமில்லை. பிறகு கூலன்ட் சூடு, தவறான பிளக், பிஸ்டன் தலையில் கட்டிய கார்பன், நாக் சென்சார் என்ற வரிசையில் பாருங்கள்.

திரும்ப உங்கள் வண்டிக்கு வருவோம். கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் குறைந்து, ராடு என்று உறுதியானால், முதல் மெக்கானிக் சொன்னபடி இன்ஜின் இறங்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்ன காரணத்தோடு நிறுத்தி, பேரிங்கை மட்டும் மாற்றிப் பூட்டினால் சில மாதத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். நான்கு ராடுகளையும் அலைன்மென்ட் ஜிக்கில் வைத்து வளைவும் முறுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று வளைந்திருந்தால் அடுத்ததும் லேசாக வளைந்திருக்க வாய்ப்புண்டு. வளைந்த ராடைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்றால் வேண்டாம். நிமிர்ந்த இடத்தில் உலோகம் சோர்ந்திருக்கும், முறிந்தால் பிளாக் போகும். இந்த வகை ராடுகளில் தலைப்பகுதியும் மூடியும் முறித்துப் பிரித்த இணை. ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சேராது, அதனால் கழற்றும்போதே எண் குறிக்க வேண்டும். ராடு போல்ட் புதிதுதான் போட வேண்டும்.

கிராங்க்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதியான ஜர்னலை மைக்ரோமீட்டரில் இரண்டு திசையிலும் அளந்து பார்க்க வேண்டும். நகம் தட்டுகிற கீறல் இருந்தால் பாலிஷ் போதாது. தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் கிராங்க் கிரைண்டிங் பட்டறைகள் உண்டு. கொடுப்பதற்கு முன் இந்த கிராங்க்குக்கு, கிரைண்டிங்கில் மெலியும் ஜர்னலுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் கிடைக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் முதலில் கேட்டுவிடுங்கள். கிரைண்டிங் முடித்துவிட்டு பேரிங் தேடுவது தலைகீழ் வேலை. புது பேரிங்கின் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் நூல் வைத்துப் பார்க்கலாம்: நூலை ஜர்னல்மேல் வைத்து, மூடியைக் குறிப்பிட்ட முழு இறுக்கத்தில் (டார்க்) இறுக்கி, கிராங்க்கைச் சுழற்றாமல் திறந்து, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிடுவது. இந்த அளவு இன்ஜின்களில் 0.03-லிருந்து 0.06 மி.மீ. வரை வருவது இயல்பு.

சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய இன்ஜின் வாங்கிப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சில நேரம் அதுவே மலிவு. அங்கேயும் நான்கு கம்ப்ரஷன் எண் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், பில்லும் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆதாரமும் வாங்குங்கள். இன்ஜின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டினால் விபத்து இழப்பீட்டில் சிக்கும். காப்பீட்டைப் பொறுத்தவரை, சாதாரண முழு பாலிசியில் தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டதைப் பொதுவாக ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியே சேர்த்திருந்தால்தான். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள், அது இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் சர்வேயரை வரச் சொல்ல வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

பூட்டி முடித்த பிறகு முதல் ஸ்டார்ட்டுக்கு முன், இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, பத்து விநாடி ஸ்டார்ட்டர், அரை நிமிடம் ஓய்வு என்று ஆயில் லைட் அணையும்வரை சுழற்றச் சொல்லுங்கள். காய்ந்த பேரிங்கோடு ஸ்டார்ட் செய்தால் புது ஷெல் முதல் நிமிடத்திலேயே கீறிவிடும். 500 கி.மீ. வரை 2500 ஆர்.பி.எம்.மைத் தாண்டாமல், ஒரே வேகத்திலும் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 1000 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டர் காகிதத்தையும் விரித்து வெயிலில் பாருங்கள். ரிங் பதிகிற மெல்லிய இரும்புத்தூள் கொஞ்சம் இருக்கலாம், பளபளக்கும் துண்டு ஒன்றுகூட இருக்கக்கூடாது.